ஜூன் 24-ல் பிறந்தவர்கள்: கண்ணதாசன், எம்.எஸ்.வி., அப்புறம் உங்கள் ஐயா

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், சரிதானா பாருங்கள். காரைக்குடிப் பக்கம் உங்கள் ஊர் வாசகர் வட்டம் ஜூன் 24 அன்று கண்ணதாசன் பிறந்தநாள் விழா நடத்துகிறது. விழா மலரில் 'இதே நாளில்' என்று ஒரு பக்கம் உங்கள் பொறுப்பு. கண்ணதாசனும் எம்.எஸ். விஸ்வநாதனும் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்கிறார்களே, அது உண்மையா, மேடையில் யாரோ கட்டிவிட்ட கதையா என்பது முதல் கேள்வி. அந்தத் தேதியில் உலகத்தில் வேறு என்னென்ன நடந்தது, இப்படி ஒரே தேதியில் வந்து விழுவதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்பது இரண்டாவது. கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் ஐயாவுக்கும் பள்ளிச் சான்றிதழில் 24-6-1949 என்றுதான் இருக்கிறது, ஆனால் அப்பத்தா "அவுக பிறந்தது ஆவணி பன்னெண்டு" என்று அடித்துச் சொல்கிறார்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. மூன்றுக்கும் சொல்கிறேன்.

நான் 33 வருடம் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வரலாறு நடத்தியவன். காலை வழிபாட்டுக்கு முன்னால் வாசல் கரும்பலகையில் 'இன்று' என்று தலைப்புப் போட்டு இரண்டு வரி எழுதுவது என் வேலை. அதற்காக ஒரு பேரேடு வைத்திருந்தேன். எங்கள் பாட்டனார் பர்மாவில் கடையில் இருந்தபோது வாங்கி, ஒரு வரிகூட எழுதாமல் ஊருக்குத் திரும்பி வந்த பேரேடு அது. சிவப்புத் துணி அட்டை, வரவு பற்று என்று இரண்டு பத்தி கோடு போட்ட கெட்டித் தாள். நாளுக்கு ஒரு பக்கமாக 366 பக்கம் ஒதுக்கினேன். வரவுப் பக்கம் பிறந்தவர்கள், பற்றுப் பக்கம் நடந்தவை. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியதாக இல்லாமல், தனித்தனியான இரண்டு இடத்தில் கண்டதை மையில் எழுதுவேன். ஓரிடத்தில் மட்டும் கண்டது பென்சிலில்தான் இருக்கும். ஜூன் 24 பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு பதில்: உண்மை. கண்ணதாசன் பிறந்தது 1927 ஜூன் 24, சிறுகூடல்பட்டியில். எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தது 1928 ஜூன் 24, பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில். அன்றைக்கு அந்த ஊரும் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. இரண்டுமே என் பேரேட்டில் மையில் இருப்பவை. ஆனால் மலரில் 'ஒரே நாளில் பிறந்தவர்கள்' என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஒரே வருடம், ஒரே பகல் என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். 'ஒரே தேதியில், ஓராண்டு இடைவெளியில்' என்று எழுதுங்கள். 1928 லீப் வருடம், நடுவில் பிப்ரவரி 29 வந்துவிட்டது. அதனால் இருவருக்கும் இடையே சரியாக 366 நாள். கவிஞர் பிறந்தது வெள்ளிக்கிழமை, மெல்லிசை மன்னர் பிறந்தது ஞாயிற்றுக்கிழமை.

நம் கணக்கு இன்னொரு விதமாகப் போகிறது. செட்டிநாட்டில் அந்தத் தலைமுறையில் யாருக்கும் பிறந்தநாள் என்றால் ஆங்கிலத் தேதி கிடையாது. தமிழ் மாதமும் ஜென்ம நட்சத்திரமும்தான். கோவிலில் அர்ச்சனை செய்யும்போது நட்சத்திரத்தைத்தான் கேட்பார்கள், இன்றைக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் இவர்கள் இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள் இல்லை. 1927 ஜூன் 29 அன்று முழுச் சூரிய கிரகணம். இங்கிலாந்திலும் நார்வேயிலும் நன்றாகத் தெரிந்தது. கிரகணம் அமாவாசையில்தான் வரும். ஆகவே அதற்கு ஐந்து நாள் முந்திய ஜூன் 24 தேய்பிறை. அடுத்த வருடம் ஜூன் 17-ல் ஒரு பகுதிச் சூரிய கிரகணம், அதாவது அன்றைக்கு அமாவாசை. அதற்கு ஒரு வாரம் கழித்து வந்த ஜூன் 24 வளர்பிறை. சூரியன் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க, சந்திரன் வானத்தின் வேறு பாகத்தில் இருந்திருக்கிறது. ஒரே நட்சத்திரமாக இருக்க வழியே இல்லை. நான் போட்ட கணக்கில் தமிழ்த் தேதிகூட ஒன்றாக வரவில்லை. பிரபவ வருடம் ஆனி 10 கவிஞருக்கு, விபவ வருடம் ஆனி 11 மெல்லிசை மன்னருக்கு. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதால் தமிழ்த் தேதியை மட்டும் பென்சிலில் வைத்திருக்கிறேன். கிழமையும் பிறையும் உறுதி. நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லப் பிறந்த நேரமும் வேண்டும், அதனால் அதற்குமேல் நான் போகவில்லை.

இதனால் அந்தப் பொருத்தத்தின் அழகு குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். எனக்கு அந்தப் பக்கத்தில் மிகவும் பிடித்த இரண்டு வரி இவைதான். ஆனால் தேதிதான் இவர்களைச் சேர்த்தது என்று மேடையில் யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது. பாட்டுக்கு மெட்டும் மெட்டுக்குப் பாட்டுமாக எத்தனையோ வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து உழைத்தவர்கள் அவர்கள். அதில் டி.கே. ராமமூர்த்திக்கும் பெரும் பங்கு உண்டு. அவர் பிறந்ததோ மே 15.

இப்படித் தேதி ஒத்துப்போவது எவ்வளவு அபூர்வம் என்று கேட்டீர்கள். நினைப்பதைவிட மிகச் சாதாரணம். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக 23 பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால், அதில் யாராவது இருவருக்குப் பிறந்த தேதி ஒன்றாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 57 பேர் உட்கார்ந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. காரணம், 23 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் 253 ஜோடி வருகிறது. அத்தனை ஜோடியில் ஒன்றாவது பொருந்தப் பாதி வாய்ப்பு வந்துவிடுகிறது. ஆனால் 'என்னுடைய தேதியில் பிறந்தவர் இந்தப் பந்தியில் உண்டா' என்று கேட்டால் கதை வேறு. அதற்குப் பாதி வாய்ப்பு வர 253 பேர் வேண்டும். வருடம் முழுவதும் பிறப்புகள் சமமாக நடக்கின்றன என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் சில மாதம் கூடும், சில மாதம் குறையும். அப்படிக் கூடக் குறைய இருந்தால் பொருத்தம் இன்னும் கொஞ்சம் எளிதாகவே கிடைக்கும். வகுப்பில் 40 பிள்ளைகளை வைத்து வருடா வருடம் செய்து காட்டுவேன். பெரும்பாலும் ஒரு ஜோடி எழுந்து நிற்கும், அந்த இருவர் முகத்தையும் பார்க்க வேண்டும்! அதுவரை பேசிக்கொள்ளாத பிள்ளைகள்கூட அன்றிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தமிழ்த் திரையில் அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்தார்கள். யாரோ இருவருக்குத் தேதி ஒன்றாக இருந்தே தீரும். அந்த இருவர் இவர்களாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

நம் பக்கத்துக்கு இன்னொரு ஜோடியும் உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தது 1916 செப்டம்பர் 16, மதுரையில். கண்டனூரில் ப. சிதம்பரம் பிறந்ததும் செப்டம்பர் 16, 1945-ல். அந்த இருவரையும் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை, ஏனென்றால் சேர்ந்து செய்த வேலை ஒன்றும் இல்லை.

சரி, பற்றுப் பக்கத்துக்கு வருவோம். ஜூன் 24-ல் நடந்தவற்றில் எதையாவது ஒன்றை மட்டும் விரிவாகப் போட இடம் இருக்கிறது என்றால், 1859-ஐப் போடுங்கள். வட இத்தாலியில் சோல்ஃபெரினோ என்ற ஊரில் அன்று பிரெஞ்சு, சார்டினியப் படைகள் ஒரு பக்கமும் ஆஸ்திரியப் படை மறுபக்கமுமாக விடியற்காலையிலிருந்து மோதின. பொழுது சாயும்போது செத்தவரும் காயம்பட்டவருமாக ஏறக்குறைய 40,000 பேர். ஜெனீவாவைச் சேர்ந்த ஹென்றி டுனான்ட் என்ற வியாபாரி தன் அல்ஜீரியத் தொழில் விஷயமாகப் பிரெஞ்சுப் பேரரசரைப் பார்க்க அந்தப் பக்கம் வந்தவர். அன்று மாலை பக்கத்து ஊரான காஸ்டிலியோனேக்கு வந்து சேர்ந்தார். தேவாலயங்களிலும் தெருக்களிலும் காயம்பட்டவர்கள் கிடந்தார்கள், தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. வந்த வேலையை விட்டுவிட்டு ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கட்டுப்போட இறங்கினார். எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்காமல் அந்தப் பெண்கள் கவனித்தார்கள். 'எல்லோரும் சகோதரர்கள்' என்பதுதான் அவர்கள் வாயில் இருந்த சொல். 1862-ல் அதை அவர் புத்தகமாக எழுதினார். 1863-ல் ஜெனீவாவில் ஐந்து பேர் குழு கூடியது. அதுதான் செஞ்சிலுவைச் சங்கம் ஆயிற்று. 1864-ல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் வந்தது. 1901-ல் முதன்முதலாக அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தபோது அதைப் பெற்ற இருவரில் டுனான்ட் ஒருவர். எங்கள் பள்ளியில் இளைஞர் செஞ்சிலுவைப் பிள்ளைகள் உண்டு. ஒவ்வொரு ஜூன் 24-ம் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு இந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்வேன். ஒரு வருடம் படித்த பெண் பாதியில் நிறுத்தி, "தண்ணி குடுக்கக்கூட ஆள் இல்லையா சார்?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை, நான்தான் படித்து முடித்தேன்.

1812-ல் இதே தேதியில் நெப்போலியனின் படை நீமென் ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குள் இறங்கத் தொடங்கியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பெரும்படை. டிசம்பரில் அதில் சொற்பம் பேரே திரும்பினார்கள். இதை மலரில் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அன்றைய ரஷ்யர்களுக்கு அது ஜூன் 24 இல்லை, ஜூன் 12. அவர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள், 12 நாள் பின்தங்கி. அதேபோல் 1314-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் பானக்பர்னில் ஆங்கிலேயரை வென்றது, 1497-ல் ஜான் கேபட் வட அமெரிக்கக் கரையில் இறங்கியது, 1564-ல் கோண்ட்வானா ராணி துர்காவதி மொகலாயப் படையோடு போரிட்டு உயிரை விட்டது, எல்லாம் ஜூன் 24 என்றே பட்டியல்களில் இருக்கும். ஆனால் 1582-க்கு முந்தியவை அத்தனையும் பழைய நாட்காட்டித் தேதி. இன்றைய கணக்குக்கு மாற்றினால் பானக்பர்ன் ஜூலை 2 ஆகிவிடும். ஐரோப்பாவில் ஜூன் 24 புனித யோவான் ஸ்நானகரின் பிறப்புத் திருநாள் என்பதால் பழைய காலத்து நிகழ்ச்சிகளை அந்த நாளோடு சேர்த்துச் சொல்லும் வழக்கமும் உண்டு. ஆகவே பழைய தேதிகளைப் பட்டியலில் போடலாம், தப்பில்லை. ஆனால் கண்ணதாசன் பிறந்த அதே நாள் என்று மட்டும் அடித்துச் சொல்லக் கூடாது.

நம் நாட்டுக்கு வந்தால் 1975. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஜூன் 12-ல் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்ற விடுமுறைக்கால நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஜூன் 24 அன்று நிபந்தனையோடு தடை கொடுத்தார்: பிரதமராக இருக்கலாம், நாடாளுமன்றத்தில் வாக்களிக்கக் கூடாது. மறுநாள் ராத்திரி, நள்ளிரவுக்குச் சற்று முன்னால் நெருக்கடி நிலை கையெழுத்தாயிற்று. நாட்டுக்குத் தெரிந்தது 26 காலையில். 24, 25, 26 என்ற இந்த மூன்று தேதியையும் ஒன்றோடொன்று குழப்பி எழுதாத பத்திரிகை குறைவு, அதனால் இதை மட்டும் நிதானமாக எழுதுங்கள். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு 1974 ஜூன் 24 வலிக்கும். லார்ட்ஸில் இந்திய அணி 42 ரன்னுக்குச் சுருண்டது அன்றுதான். 1948-ல் சோவியத் படை மேற்கு பெர்லினுக்குப் போகும் தரைவழிகளை அடைத்ததும் இதே தேதி.

வரவுப் பக்கத்தில் இன்னும் சிலர் உண்டு. காஸ்மிக் கதிர்களைப் பலூனில் ஏறிக் கண்டுபிடித்த விக்டர் ஹெஸ், 1883. வானியலாளர் ஃபிரெட் ஹாயில், 1915. உங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பிடித்தவர் லியோனல் மெஸ்ஸி, 1987. மெஸ்ஸி பிறந்த வருடத்தைக் கவனித்தீர்களா? 1927-க்குச் சரியாக 60 வருடம் கழித்து. அதாவது கவிஞர் பிறந்த பிரபவ வருடம் ஒரு சுற்று முடிந்து மறுபடி பிரபவ வந்த வருடம். கவிஞர் இருந்திருந்தால் அந்த ஜூன் 24-ல் அறுபது நிறைந்திருக்கும். நம் வீடுகளில் அறுபதாம் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டிருப்பார்கள். அவர் 1981 அக்டோபர் 17-லேயே சிகாகோவில் போய்விட்டார், வயது 54. இந்த ஒரு வரியை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கை நின்றுவிடுகிறது. அர்ஜென்டினாவுக்கும் நமக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம் இருப்பதால், அங்கே ஜூன் 24 பிற்பகல் மூன்றரைக்கு மேல் ஆகும்போது இங்கே 25 பிறந்துவிடும். ஊருக்கு ஊர் நாள் மாறுகிறது என்பதற்காகச் சொன்னேன். பிறந்த ஊரின் தேதியை எழுதுவதுதான் முறை.

தேதி உறுதி, நிகழ்ச்சி சந்தேகம் என்று வருவதும் உண்டு. கோட்டையூரில் அழகப்பச் செட்டியார் பிறந்தது 1909 ஏப்ரல் 6. அதே வருடம், அதே நாளில்தான் வட துருவத்தை அடைந்துவிட்டதாக ராபர்ட் பியரி பிற்பாடு அறிவித்தார். செட்டிநாட்டுப் பள்ளியில் எழுதிப் போட இதைவிட நல்ல ஜோடி கிடைக்குமா என்று ஆசையாக எழுதியிருந்தேன். பிறகு படித்துப் பார்த்தால், பியரி உண்மையில் துருவம்வரை போனாரா என்பதே பெரிய விவாதம். அவருடைய பயண வேகமும் குறிப்புகளும் நம்பும்படி இல்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். மையில் எழுதியதைச் சுரண்டிவிட்டு 'அடைந்ததாகச் சொன்னார்' என்று மாற்றினேன். அழகப்பர் காலமானது 1957 ஏப்ரல் 5. மறுநாள் விடிந்திருந்தால் 48 நிறைந்திருக்கும். கல்லூரிகளும் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அவர் கொடுத்த நிலமும் பணமும் எல்லோருக்கும் தெரியும். இந்த ஒரு நாள் இடைவெளி பலருக்குத் தெரியாது.

இனி உங்கள் ஐயா விஷயம். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு அன்று பிறந்தநாள் என்று பலகையில் எழுதினேன், அவர் காலமாகி வெகு நாள் ஆகியிருந்தது. வீட்டுக் குறிப்பில் பார்த்துத்தான் எழுதினேன். மத்தியானம் அவருடைய மகள், வயதான ஆச்சி, பள்ளிக்கே வந்துவிட்டார்கள். கோபம் எல்லாம் இல்லை. "அது எங்க அப்பச்சியைப் பிள்ளை கூட்டிக்கிட்ட நாள் தம்பி, பிறந்த நாள் இல்லை" என்றார்கள். நம் பக்கத்தில் பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்து எடுப்பது, எவ்வளவு சகஜம் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணதாசனே முத்தையா என்று பிறந்து, வேறு வீட்டுக்குப் பிள்ளை போய் நாராயணன் ஆனவர்தான். போன வீட்டில் புதுப் பெயர், புதுக் குறிப்பு. அந்தக் குறிப்பில் எழுதிய நாளைப் பிறந்த நாள் என்று பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொண்டுவிடுவார்கள். அதனால் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்: உங்கள் ஐயா பிறந்த வீடும் வளர்ந்த வீடும் ஒன்றுதானா?

ஒன்றுதான் என்றால், நான் அப்பத்தா பக்கம். 1949 ஜூன் 24 என்பது பள்ளிக்கூடம் கொடுத்த பிறந்தநாளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் மே, ஜூன் தேதிகளாகவே அடுக்கிக் கிடக்கும். குழந்தைகள் எல்லாம் கோடையில்தான் பிறந்தார்களா என்ன? ஜூனில் பள்ளி திறக்கும். ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிறந்த சான்று யாரிடமும் இருக்காது. தலைக்கு மேலே கையைச் சுற்றி எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். எட்டினால் ஐந்து வயது ஆகிவிட்டது. வாத்தியாரே ஒரு தேதி போட்டு எழுதிவிடுவார். ஆவணி 1949-ல் பிறந்த பிள்ளைக்கு 1954 ஜூனில் நாலே முக்கால் வயதுதான். ஒரு வருடம் வீணாக வேண்டாம் என்று இரண்டு மாதத்தை முன்னால் தள்ளி, சேர்த்த நாளிலேயே ஐந்து முடிந்ததாக எழுதியிருப்பார்கள். இது என் ஊகம்தான், ஆனால் இப்படி எத்தனையோ பார்த்த பிறகு வந்த ஊகம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969-ல். அதற்கு முன் கிராமங்களில் ஊர் அதிகாரியான முன்சீப் எழுதிவந்த பதிவேடு உண்டு. அதில் பெரும்பாலும் குழந்தையின் பெயர் இருக்காது, அப்பா பெயரை வைத்துத்தான் தேட வேண்டும்.

1949 ஆவணி என்றால் விரோதி வருடம். ஆவணி 12 என்பது ஆகஸ்ட் 27 அல்லது 28. அந்த ஒரு நாள் வித்தியாசத்தைத் தீர்க்கக் கிழமை போதும்: சனி என்றால் 27, ஞாயிறு என்றால் 28. ஒரே ஒரு சிக்கல். நம் கணக்கில் நாள் விடியலில் தொடங்குகிறது, ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவில். ராத்திரி மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளையை 'சனிக்கிழமை ராத்திரி, விடிந்தால் ஞாயிறு' என்று நம்மவர்கள் சொல்வார்கள். ஜாதகத்தில் சனி என்றே இருக்கும். ஆங்கிலத் தேதிக்கு அது ஞாயிறு. குறிப்பில் உதயாதி நாழிகை எழுதியிருந்தால் இதுவும் தெளிந்துவிடும். நாழிகைக்கு 24 நிமிடம், சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டியதுதான்.

அப்பத்தாவிடம் ஜாதகம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டகத்துக்குள் துணியில் முடிந்தோ, பழைய டின்னுக்குள்ளோ இருக்கும். ஓலையாக இருந்தால் பிரிக்கும்போது அவசரப்படாதீர்கள், காய்ந்த ஓலை துளையிட்ட இடத்தில் பிளந்துவிடும். கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேட வேண்டாம், அது கல்யாணத்துக்குத்தான் சாட்சி. வருடம், மாதம், தேதி, கிழமை நான்கும் வேண்டும், நட்சத்திரமும் இருந்தால் ரொம்ப நல்லது, சரிபார்க்க உதவும். அரசாங்கக் காகிதத்தில் ஜூன் 24 அப்படியே இருக்கட்டும். மலரில் ஐயா பெயரை ஜூன் 24 பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன். ஆகஸ்ட் 27 என்றால் கிரிக்கெட் வீரர் டொனால்ட் பிராட்மேன் பிறந்த நாள். 28 என்றால் 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் பேசிய நாள். இரண்டு பக்கத்தையும் இப்போதுதான் புரட்டிப் பார்த்தேன், வரவுப் பத்தியில் இடம் இருக்கிறது.